வாசிப்புக் கூடத்தைக் கலைக்கும் முன்: துணைவேந்தருக்கும் ஆட்சிக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

மைய நூலகத்தின் தரைத்தள வாசிப்புக் கூடத்தைக் கணினிக் கூடமாக மாற்றப் போவதாகவும், வேலை முடியும்வரை நூலகம் மாலை 5.45 மணிக்கே மூடப்படும் என்றும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. இதை எங்களால் ஏற்க முடியவில்லை. நாங்கள் என்றால் நூலகப் பணியாளர்கள், ஆய்வு மாணவர்கள், பல துறைகளின் ஆசிரியர்கள். முடிவெடுக்கும் முன் எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை என்பது ஒரு குறை. இந்தச் செலவு, நூலகத்தில் இன்று பழுதாகிக் கிடக்கும் எதையும் சரிசெய்யாது என்பது அதைவிடப் பெரிய குறை.

மாணவர்களுக்கு மின்னிதழ்கள் சரியாகக் கிடைப்பதில்லை, ஆகவே கணினிகள் தேவை என்று சுற்றறிக்கை காரணம் சொல்கிறது. கிடைப்பதில்லை என்பது உண்மை. ஏன் கிடைப்பதில்லை என்று யாரும் பார்க்கவில்லை.

'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இதன்வழி கிடைக்கின்றன. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் ஒருங்கிணைக்கிறது. ஆக, பெரிய பதிப்பகங்கள் பலவற்றின் இதழ்களுக்கு நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டிய நிலை இன்று இல்லை. இருந்தும் நம் வளாகத்தில் ஒரு மாணவர் காலையில் ஒரு கட்டுரையைத் திறக்கிறார்; மதியம் அதே கணினியில் அதே கட்டுரை பணம் கேட்கிறது.

காரணம் எளிது. படிக்க வந்தவர் நம் வளாகத்தவர்தானா என்பதைப் பதிப்பகத்தின் சர்வர், கோரிக்கை எந்தப் பப்ளிக் ஐ.பி. முகவரியிலிருந்து (வளாகத்தை இணையத்தில் அடையாளம் காட்டும் எண்) வருகிறது என்பதை வைத்தே தெரிந்துகொள்கிறது. கணினி மையம் இணையச் சேவை நிறுவனத்தை மாற்றினாலோ, நெரிசலைக் குறைக்க இரண்டாவது லைன் ஒன்றைச் சேர்த்தாலோ, புதிய முகவரிகள் பதிப்பகங்களின் பட்டியலில் இருக்காது. இரண்டு லைன்களுக்கும் லோடு பேலன்சிங் போட்டுவிட்டால் பாதிக் கோரிக்கைகள் பழைய முகவரியிலும் பாதி புதிய முகவரியிலும் வெளியே போகும். அதனால்தான் கட்டுரை ஒரு நேரம் திறக்கிறது, ஒரு நேரம் திறப்பதில்லை. மாணவர் நூலகத்தில் கேட்டால் "நெட்வொர்க் பிரச்சினை" என்கிறோம். கணினி மையத்தில் கேட்டால் "நெட் நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறார்கள். இருவர் சொல்வதும் சரி. மாணவருக்குக் கட்டுரைதான் கிடைக்கவில்லை.

இதற்குத் தேவை ஒரு பக்க நடைமுறை. லைன் மாறுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே வெளியே போகும் எல்லா முகவரிகளையும், ஐ.பி.வி.6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் அதையும் சேர்த்து, கணினி மையம் நூலகத்துக்கு எழுத்தில் தர வேண்டும். நூலகம் இன்ஃப்லிப்நெட்டுக்கும், நாம் தனியாகச் சந்தா கட்டும் பதிப்பகங்களுக்கும் அனுப்பி, சேர்த்தாயிற்று என்ற பதிலைப் பெற வேண்டும். அதுவரை பதிப்பகத் தளங்களுக்குப் போகும் போக்குவரத்தை மட்டும் பழைய லைனிலேயே நிறுத்திவைக்க ஃபயர்வாலில் ஒரு விதி எழுதினால் போதும். மாற்றிய அன்று ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் ஐந்து பதிப்பகங்களைத் திறந்து பார்க்க வேண்டும். நூலகக் கட்டடத்தில் மட்டும் பார்த்தால் போதாது; சில துறைகள் தனி லைன் வாங்கி வைத்திருக்கின்றன, அந்த முகவரிகள் கணினி மையத்துக்கே தெரியாது.

வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். வீட்டிலிருந்தோ, விடுதியில் செல்பேசி டேட்டாவிலோ படிக்க, இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் என்ற உள்நுழைவுச் சேவை வழியாக உள்நுழையலாம். அதற்கு, யார் நம் மாணவர் என்று சொல்லக்கூடிய நம்பகமான பயனர் பட்டியல் ஒன்று வேண்டும். பட்டியல் சேர்க்கைப் பிரிவிடம் இருக்கிறது. உள்நுழைவுக் கணக்கைத் தர வேண்டியது கணினி மையம். மாணவர் கேட்பதோ நூலகத்திடம். சேர்க்கை முடிந்து மாதங்கள் கழித்து, அச்செடுத்த தாளாகத்தான் பெயர்ப் பட்டியல் எங்களுக்கு வருகிறது; அதைத் திரும்ப உட்கார்ந்து தட்டச்சு செய்கிறோம். நாம் பயன்படுத்தும் கோஹா என்ற நூலக மென்பொருளில் அட்டை எண், பெயர், கிளை, உறுப்பினர் வகை ஆகியவை கொண்ட ஒரு சி.எஸ்.வி. கோப்பு (எளிய அட்டவணைக் கோப்பு) இருந்தால் ஒரு வகுப்பு முழுவதையும் சில நிமிடங்களில் ஏற்றிவிடலாம். மின்னஞ்சலும் படிப்பு முடியும் தேதியும் கூடவே இருந்தால் கணக்கு தானாகத் திறக்கும், தானாக முடியும். சேர்க்கைக் காலத்தில் வாரம் ஒரு கோப்பு வந்தாலே போதும். கணினி எத்தனை வாங்கிப் போட்டாலும் இந்தக் கோப்புக்கு அவை ஈடாகா.

இனி, கலைக்கப்பட இருக்கும் கூடம்.

அங்கே உட்காருகிறவர்களில் பெரும்பாலோரிடம் மடிக்கணினியோ செல்பேசியோ இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது மேசை, வெளிச்சம், பிளக் பாயிண்ட், அமைதி, நேரம். பிளக் பாயிண்ட் சுவரோரத்தில் மட்டும் இருப்பதால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் நடைபாதை முழுக்க ஓடுகின்றன, சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. விளக்கும் மின்விசிறியும் ஓடும் ஒரு சர்க்யூட்டுக்கு 10 பாயிண்ட், 800 வாட் என்பது நம் நாட்டு வயரிங் வழக்கம். 65 வாட் சார்ஜர் பன்னிரண்டைச் செருகினாலே 780 வாட். மேலே நாலு மின்விசிறி சுற்றினால் அந்த அளவு தாண்டிவிடும். மாணவர்கள் மின்சாரத்தை வீணடிக்கிறார்கள் என்று அறிவிப்புப் பலகை வைத்ததற்குப் பதில் பொறியியல் பிரிவை ஒருமுறை அழைத்துக் காட்டியிருந்தால் இது புரிந்திருக்கும்.

120 இருக்கைக்கும் ஆளுக்கொரு பிளக் கொடுத்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் சார்ஜ் போட்டால் 7.8 கிலோவாட்தான் ஆகும். மூன்று ஃபேஸ்களில் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 11 ஆம்பியர். தனி சர்க்யூட், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., மேசைக் காலோடு சேர்த்துப் பதித்த ஒயர்ச் சட்டம்: வேலை இவ்வளவுதான். இதே இடத்தில் 60 மேசைக் கணினிகள் வைத்தால், ஒன்றுக்கு 150 வாட் என்று கணக்கிட்டாலும் 9 கிலோவாட். அதன்மேல் யு.பி.எஸ்., குளிர்சாதனம், பேட்டரி மாற்றும் செலவு, ஐந்தாறு ஆண்டில் பழைய இரும்பு. இருக்கை 120 என்பது 60 ஆகும், மின்கட்டணமோ கூடும்.

வெளிச்சத்துக்கும் ஒரு வார்த்தை. குழல்விளக்குகள் அடுக்குகள் நின்ற பழைய அமைப்புக்கு ஏற்பப் போடப்பட்டவை; அடுக்குகளை நகர்த்தினார்கள், விளக்குகளை நகர்த்தவில்லை. மேசைப் பரப்பில் 300 லக்ஸாவது (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) வேண்டும். நடுவரிசையில் மாலை ஆறு மணிக்கு ஒரு லக்ஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

சேர்ந்து படிக்கிறவர்களுக்கு இடமே இல்லாததால் அவர்கள் வாசிப்புக் கூடத்தில் கிசுகிசுக்கிறார்கள், மற்றவர்கள் முறைக்கிறார்கள், காவலர் வந்து இரு தரப்பையும் அதட்டுகிறார். மூன்று சிறு அறைகள் போதும்: ஆறு பேர் உட்காரும் அளவு, ஒரு வெண்பலகை, இரண்டு மணி நேர முன்பதிவு, பதினைந்து நிமிடம் வராவிட்டால் அடுத்தவருக்கு. கட்டும்போது தடுப்பைக் கான்கிரீட் தளம்வரை கொண்டுபோக வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்தினால் சத்தம் அதற்கு மேலே ஏறி அடுத்த அறைக்குள் இறங்கும். எவ்வளவு தடிமனான கண்ணாடி போட்டாலும் பயனில்லை. ஏற்கெனவே கட்டிய கருத்தரங்க அறையில் நடந்தது இதுதான். வரைபடம் போட்டபோது நூலகத்தை யாரும் கேட்கவில்லை.

சொந்தப் புத்தகத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது என்ற விதியும் மாற வேண்டும். நெட், செட், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர் தன் குறிப்பேட்டையும் கைடையும் வைத்துத்தான் படிப்பார். வெளியேறும்போது புத்தகத்தில் நூலக முத்திரையும் பார்கோடும் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். புத்தகம் காணாமல் போகும் என்ற அச்சமே இந்த விதிக்குக் காரணம். தணிக்கையில் தங்கள் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பணியாளர்களின் அச்சம் அது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகளில் 215ஆம் விதி இதை நேராகவே கையாள்கிறது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் தொகுதிகளுக்கு ஐந்து தொகுதிகள்வரை இழப்பு நியாயமானது என்று ஏற்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ போனால் மட்டும் கட்டாயம் விசாரிக்கச் சொல்கிறது. நம்மை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், நிதி அலுவலர் அதே அளவுகோலை ஏற்று ஓர் ஆணை போட்டால் பூட்டிக் கிடக்கும் அடுக்குகள் திறக்கும்.

நேரம் பற்றிய பகுதிதான் எங்களை மிகவும் வருத்துகிறது. வகுப்பும் ஆய்வகமும் நான்கு, நான்கரைக்கு முடிகின்றன. 5.45க்கு மூடினால் பெரும்பாலான மாணவர்களுக்கு நூலகம் இல்லை என்றே பொருள். இரவு எட்டு மணிவரை திறந்திருந்த இதுவரையிலும்கூட அந்த நேரம் ஆண்களுக்கு மட்டுமே பயன்பட்டது. மகளிர் விடுதிக்கு ஏழு மணிக்குள் திரும்பியாக வேண்டும். நூலக நேரத்தை ஓர் அலுவலகம் தீர்மானிக்கிறது, விடுதி நேரத்தை இன்னோர் அலுவலகம் தீர்மானிக்கிறது, இடையிலுள்ள இருட்டுப் பாதையின் விளக்குகள் மூன்றாவது அலுவலகத்தின் பொறுப்பு. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேசினால் ஒரே வாரத்தில் தீரும். நூலகத்திலிருந்து வெளியேறிய நேரம் நுழைவுப் பதிவில் இருக்கிறது. மாணவி கேட்டால் அந்த ஒரு வரியை விடுதிக்குச் சான்றாகத் தரலாம். அவர் என்ன படித்தார், எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பது காப்பாளருக்கு வேண்டாத தகவல். அது நூலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

அடுத்தது புத்தகக் கொள்முதல். பாடத்திட்டக் குழு கூடுகிறது, புதிய தாள்கள் வருகின்றன, கல்விக்குழு ஒப்புதல் தருகிறது. மாணவர்கள் வந்து கேட்கும்போதுதான் அப்படி ஒரு நூல் இருப்பதே நூலகத்துக்குத் தெரிகிறது. அதற்குள் அந்தப் பருவம் பாதி ஓடிவிடுகிறது. இன்னொரு பக்கம் நிதி பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டு மார்ச் 31க்குள் செலவழிக்கச் சொல்லப்படுகிறது. அந்த ஒரு மாதத்தில், கேட்ட நூலை அல்ல, விற்பனையாளரின் கிடங்கில் இருக்கும் நூலைத்தான் வாங்க முடியும். அடுக்குகளில் யாரும் தொடாத நூல்கள் அப்படித்தான் சேர்ந்தன.

பாடத்திட்டத்தைக் கல்விக்குழுவுக்கு அனுப்பும்போதே அதன் நூல்பட்டியலை நூலகத்துடன் ஒப்பிட்டு, எது இருக்கிறது, எத்தனை படி இருக்கிறது, எது அச்சிலேயே இல்லை என்ற ஒரு தாளை இணைப்பது கட்டாயமாகட்டும். அச்சில் இல்லாத நூலைப் பாடமாக வைப்பதும் அதனால் நிற்கும். அறுபது பேர் படிக்கும் வகுப்புக்கு மூன்று படிதான் இருக்கிறது என்றால், கோஹாவில் உள்ள பாட ஒதுக்கீட்டு வசதியைப் பயன்படுத்தி அந்தப் படிகளைப் பதினைந்து நாள் இரவலிலிருந்து இரண்டு மணி நேர இரவலுக்கு மாற்றலாம். பருவம் முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பலாம். எந்தத் தாளுக்கு எந்த நூல், எந்த வாரங்களில் என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். இந்த விவரம் வராததால் வசதி இருந்தும் சும்மா கிடக்கிறது. பல நூல்களிலிருந்து சில பக்கங்கள் மட்டும் தேவைப்படும் தாள்களுக்குப் பாடத் தொகுப்பு தயாரிக்கலாம். கற்பித்தலுக்காக அப்படி நகலெடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அனுமதிக்கப்பட்டது என்று டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் நம் துறைகள் தயங்குவதற்கு, எது கூடும், எது கூடாது என்று ஒரு பக்க வழிகாட்டுதல் இல்லாததே காரணம்.

தமிழ் நூல்களும் ஆய்வேடுகளும் படும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டியலில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. ஏற்றியவர் எழுதியதே எழுத்துக்கூட்டல். தொல்காப்பியம் சில பதிவுகளில் டி-ஓ என்று தொடங்குகிறது, சிலவற்றில் டி-எச்-ஓ என்று. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. புத்தகம் அடுக்கில் இருக்க, "இல்லை" என்று கணினி சொல்கிறது. கோஹா ஒருங்குறியில் (யூனிகோடில்) உள்ள தமிழை நன்றாகவே ஏற்கும். பட்டியல் பதிவின் 245ஆம் புலத்தில் தலைப்பைத் தமிழ் எழுத்திலும், 880ஆம் புலத்தில் ரோமன் வடிவத்திலும் கொடுத்தால் இரண்டு வழியிலும் தேடலாம். பழைய பதிவுகளைத் திருத்தத் தமிழ்த்துறை முதுகலை மாணவர்கள் வேண்டும். பகுதிநேர ஊதியத்தில், நூலகர் ஒருவர் சரிபார்க்க, அடுக்கு அடுக்காக முடிக்கலாம். தமிழ் தெரிந்தவரும் பட்டியலாக்கம் தெரிந்தவரும் சேர்ந்து உட்காராமல் இந்த வேலை நடக்காது.

ஆய்வேடுகளை மின்வடிவில் சோத்கங்கா என்ற இந்திய ஆய்வேட்டு மின்தொகுப்புக்குத் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளிலிருந்தே இருக்கிறது. தருகிறோம். ஆனால் தமிழ் ஆய்வேடுகளில் பல பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் 'தமிழ்' என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தேடுபொறி அதைத்தான் படிக்கும். ஐந்தாண்டு உழைப்பு வலையில் இருந்தும் எவர் கண்ணுக்கும் படாது. பார்வையற்ற மாணவர் திரையை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் வழியாகக் கேட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் காதில் விழும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை 2010லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆய்வேட்டைப் பெறும்போது ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு சொல்லை நகலெடுத்து வேறோர் ஆவணத்தில் ஒட்டிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் செய்ய வேண்டும். எங்களிடம் வரும்போது வைவா என்ற வாய்மொழித் தேர்வே முடிந்திருக்கும், அதற்குப் பிறகு எவரும் திருத்தித் தர மாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடத்தை 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்குகிறது. நம் நூலக வாசலில் மூன்று படிகள், சாய்தளம் இல்லை. படிகளின் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர் என்றால், 1:12 சரிவில் 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். முன்புறத் தோட்டத்தில் அந்த இடம் இருக்கிறது. புதுக் கூடத்தின் வரைபடத்திலும் இது இல்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

இத்தனையையும் ஒரு கையில் பிடித்து நடத்த முழுநேர நூலகர் இல்லை. துறைப் பேராசிரியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவருகிறார்; அவர் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, அவருக்கு நேரம் இல்லை. நூலகர் பணி தனிப் பயிற்சி வேண்டும் முழுநேரப் பணி என்று சென்னைப் பல்கலைக்கழகம் 1924லேயே முடிவு செய்து, கணித ஆசிரியராக இருந்த ரங்கநாதனை நியமித்துப் பயிற்சிக்கு லண்டனுக்கு அனுப்பியது. நூறாண்டு கழித்து நாம் பொறுப்பு நூலகரை வைத்து ஓட்டுகிறோம். மானியக் குழுவின் 2018 விதிகள் பல்கலைக்கழக நூலகருக்கு நூலகவியலில் முதுகலைப் பட்டம், முனைவர் பட்டம், பத்தாண்டு அனுபவம் ஆகியவற்றோடு புதுமையான நூலகச் சேவைகளைச் செய்து காட்டிய சான்றும் கேட்கின்றன. அப்படிப்பட்டவர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். விளம்பரம்தான் வரவில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சுற்றறிக்கையை உடனே நிறுத்திவையுங்கள். நூலகம் இரவு எட்டு மணிவரை தொடர்ந்து திறந்திருக்கட்டும். தேர்வுக்கு முந்தைய நான்கு வாரங்களில் பத்து மணிவரை. மகளிர் விடுதி நேரமும் பாதை விளக்கும் அதே ஆணையில் இடம்பெற வேண்டும்.

நூலகர், கணினி மைய இயக்குநர், சேர்க்கைப் பிரிவு, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், பொறியியல் பிரிவு, நிதி அலுவலர், விடுதிக் காப்பாளர்கள், மூன்று ஆசிரியர்கள், நான்கு மாணவர்கள் (அவர்களில் இருவர் பெண்கள், ஒருவர் மாற்றுத்திறனாளி) அடங்கிய கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கூடித் தேநீர் குடித்துக் கலையும் நூலகக் குழு இதற்கு உதவாது. மாதம் ஒருமுறை கூட வேண்டும். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்ற குறிப்பு பல்கலைக்கழக இணையதளத்தில் வெளிவர வேண்டும். சிறு வேலைகளுக்குத் தானே செலவு செய்யும் அதிகாரம் அதற்கு வேண்டும். பிரிவுத் தலைவர்கள் தாங்களே வர வேண்டும். பிரதிநிதியை அனுப்பினால் "கேட்டுச் சொல்கிறேன்" என்பதோடு கூட்டம் முடிந்துவிடும்.

ஐ.பி. முகவரி நடைமுறையை 15 நாட்களுக்குள்ளும், இன்ஃபெட் உள்நுழைவை இந்தப் பருவம் முடிவதற்குள்ளும் நடைமுறைக்குக் கொண்டுவரக் கணினி மையத்துக்கு ஆணையிடுங்கள். பாடத்திட்டத்தோடு நூல் இருப்புத் தாளும், ஆய்வேட்டோடு ஒருங்குறிச் சோதனையும் அடுத்த கல்விக்குழுக் கூட்டத்திலிருந்து கட்டாயமாகட்டும். புத்தக நிதியின் முதல் பாதியை ஜூன் மாதத்திலேயே விடுவியுங்கள்.

கணினிக் கூடத்துக்கு ஒதுக்கிய தொகையை இந்த வரிசையில் செலவிடுங்கள்: சாய்தளம், பிளக் பாயிண்ட், விளக்கு, மூன்று கலந்துரையாடல் அறைகள். மிஞ்சினால், சொந்தமாக மடிக்கணினி இல்லாத மாணவர்களுக்கு நாள் இரவலுக்குக் கொடுக்க மடிக்கணினிகள் வாங்குங்கள்.

முழுநேர நூலகர் பணியிடத்துக்கும், காலியாக உள்ள மற்ற நூலகப் பணியிடங்களுக்கும் இந்த நிதியாண்டுக்குள் விளம்பரம் வர வேண்டும்.

இந்த மடலை அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, எங்களில் மூவரை நேரில் அழைத்துக் கேளுங்கள். அளவுகள், வரைபடம், மதிப்பீடு எல்லாவற்றையும் கொண்டுவருகிறோம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கிறீர்களா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மைய நூலகப் பணியாளர்கள், ஆய்வு மாணவர்கள், ஆசிரியர்கள்